புளியடி விலக்கு

“நேத்து சாயங்காலம் எனக்கு என்ன சொன்னிய, சாமி?”

ஆவுடையப்பன் இதைக் கேட்டபோது தூங்குசாமி வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குச்சியை எறிந்தார். வாயைக் கொப்பளித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் சொன்னப்ப அழுதியளே, அண்ணாச்சி.”

“அழுதது ஞாபகம் இருக்கு சாமி. எதுக்கு அழுதேன்னுதான் தெரியல.”

*

மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் ஒரு பசு. அவ்வளவுதான்.

குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். சீடர் குருவைச் சாமி என்று கூப்பிட்டார். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டுச் சீடர் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய், சாமி அங்கே தூங்குகிறார் என்று கையைக் காட்டுவார்.

குரு எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். கல்யாண மேளத்துக்கு நடுவிலும் தூங்குவார், இடி இடித்தாலும் தூங்குவார். அதனால்தான் ஊர் அவருக்குத் தூங்குசாமி என்று பெயர் வைத்தது. தூங்குகிற ஆளிடம் என்ன ஞானம் கிடைக்கும் என்று கேலி பேசியவர்களும் உண்டு.

ஆவுடையப்பன் கேலி பேசவில்லை. இவ்வளவு நிம்மதியாகத் தூங்கும் வளர்ந்த மனிதனை அவர் அதற்கு முன் கண்டதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்.

ஏனென்றால் அவருக்குத் தூக்கம் கிடையாது.

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பஸ் கண்டக்டர். ஒரே ரோடு. போவதும் வருவதும் அதே ரோடு. எந்த முகம் எங்கே ஏறியது, எந்த முகம் எங்கே இறங்க வேண்டும் என்பது அவர் தலைக்குள் தானாகவே இருக்கும். ஸ்டாப் வந்தால் எழுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கிய ஒருவரையும் அவர் தாண்டிப் போகவிட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வேலை முடிந்தது. மனைவியும் போய்ச் சேர்ந்தாள். ஆனால் தலைக்குள் பஸ் நிற்கவில்லை. கண்ணை மூடினால் மேலக்கரை, சாவடி, வாகைக்குளம், தோப்பு விலக்கு என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக வரும். தூக்கத்திலும் கூவுவார். கூவின சத்தத்தில் அவரே விழித்துக்கொள்வார்.

தலையைக் காலி பண்ண வேண்டும் என்றுதான் மடத்துக்கு வந்தார்.

அதற்குக் குரு ஒன்றும் சொல்லவில்லை. தூங்கினார்.

*

சொன்னவர்கள் வேறு ஆட்கள்.

கோயில் கோயிலாக நடந்து போகும் சாமியார்கள் ஓடைக்கரையில் தங்குவது வழக்கம். சிலும்பியில் இலையைத் திணித்து, நெருப்பு வைத்து, கை மாற்றிக் கை மாற்றி இழுப்பார்கள். அதைக் கஞ்சா என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். சிவமூலி என்பார்கள். பெயரிலேயே சிவன் இருந்ததால் ஆவுடையப்பனுக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று.

முதல் இழுப்பில் இருமினார். மூன்றாவது இழுப்பில் தலைக்குள் பஸ் நின்றது.

அன்று அவர் தூங்கினார். காலையில் எழுந்ததும் சிலும்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தூக்கம் இல்லாதவனுக்குத்தான் அந்த நன்றி புரியும், நாம் சிரிக்கக் கூடாது.

பிறகு அது தினமும் ஆயிற்று. காலையிலும் ஆயிற்று.

பசுவுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று மறந்து மறுபடி காட்டுவார். உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இன்னொரு பிடி போடுவார். பேசிக்கொண்டே இருந்து, நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எதிராளியையே கேட்பார். மனம் அடங்குவதற்கு இதெல்லாம் அடையாளம் என்று ஓடைக்கரைச் சாமியார்கள் சொன்னார்கள். ஆவுடையப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

குருவுக்கு எல்லாம் தெரியும். உப்புக் கரித்த குழம்பையும் தின்றுவிட்டுத் தூங்கினார்.

*

எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆவுடையப்பன் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் வரட்டும் என்பார் குரு.

முந்தின நாள் மத்தியானம் குருவே கூப்பிட்டார்.

“சாயங்காலம் ஓடைக்கரைக்கு வாங்க, அண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ளயே கெடக்கு.”

ஆவுடையப்பனுக்குக் கை கால் ஓடவில்லை. உபதேசம் வருகிறது. குளித்தார். வெளுத்த வேட்டியை எடுத்துக் கட்டினார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். இவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்கப் போகிற மனம் சுத்தமாக இருக்க வேண்டாமா? அதற்காக வழக்கத்தைவிட இரண்டு இழுப்புக் கூடுதலாகவே இழுத்தார்.

குரு பேசினார். நெடுநேரம் பேசினார்.

தண்ணீர் மின்னியது ஆவுடையப்பனுக்கு ஞாபகம் இருக்கிறது. குருவின் உதடு அசைந்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு தட்டான் வந்து குருவின் முழங்காலில் உட்கார்ந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதற்காகத்தான் பிறந்தோம் என்று தோன்றியது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

காலையில் விழித்தார். தட்டான் இருந்தது. வார்த்தை இல்லை.

*

“மறுபடி ஒரு தடவை சொல்லிருங்க, சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“சொல்லுதது கஷ்டம் இல்ல, அண்ணாச்சி. உங்களுக்குள்ள தங்கணும்லா.”

ஆவுடையப்பனுக்கு ரோஷம் வந்தது. சிவமூலி போட்டால் மனம் ஆடாமல் அசையாமல் நிற்கிறது, தவம் இருக்கிறவர்களுக்குக் கிடைக்காதது தனக்கு ஒரு நொடியில் கிடைக்கிறது, அசையாத மனதில் தங்காத வார்த்தை வேறு எங்கே தங்கும் என்று கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் சண்டையும் இருந்தது.

குரு எழுந்தார். அடுப்படிக்குப் போனார்.

பாலைக் காய்ச்சி ஆற்றினார். இரண்டு சட்டியில் ஊற்றினார். இரண்டிலும் ஒரே கரண்டியால் உறை மோர் விட்டார். ஒன்றை அடுப்போரம் வைத்தார். இன்னொன்றை மூடிக் கட்டி ஓடைக்குக் கொண்டுபோனார். பாறைக்கு நடுவே தேங்கி நிற்கும் மலைத் தண்ணீரில், எலும்பு வரைக்கும் குளிரும் தண்ணீரில், அசையாமல் பதித்து வைத்தார்.

மறுநாள் காலையில் இரண்டையும் திறந்தார்கள்.

அடுப்போரச் சட்டியில் தயிர். கரண்டி போட்டால் கரண்டி நிற்கும்.

ஓடைச் சட்டியில் பால்.

“ஓடையில் வச்சது அசைஞ்சிருக்கோ, சாமி?”

“நீங்களே போய்ப் பாத்தியளே.”

ஆவுடையப்பன் பார்த்திருந்தார். வைத்தது வைத்தபடி இருந்தது.

“அசையவே இல்ல,” என்றார்.

“ஆமா. உறையவும் இல்ல.”

குரு அந்தப் பால் சட்டியை அடுப்போரம் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஐப்பசி மழை விழுந்ததும் நான் வடக்க கெளம்புதேன், அண்ணாச்சி. திரும்பி வர மாட்டேன். அதுக்கு முன்ன என்னை பஸ்ஸுல ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் வழியில தூங்கிருவேன். புளியடி விலக்கு வந்ததும் எழுப்பிவிடுங்க. அங்கன எறங்கினதும் அந்த வார்த்தைய மறுபடி சொல்லுதேன்.”

பெரிய ரோட்டிலிருந்து உள்ளூருக்குப் பாதை பிரியும் இடத்தை அந்தப் பக்கம் விலக்கு என்பார்கள். ஒன்றை விட்டுவிடுவதற்கும் அதே சொல்தான். ஆவுடையப்பன் ரோட்டை மட்டும் நினைத்தார். நினைத்துச் சிரித்தும்விட்டார். புளியடி விலக்கு அவருடைய ரோட்டில் இருக்கிறது. மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாரே இந்தச் சாமி என்று தோன்றியது.

*

அன்றே கிளம்பினார்கள்.

குரு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் புறப்படும் முன்பே தூங்கிவிட்டார்.

ஆவுடையப்பன் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேலக்கரை போயிற்று. சாவடி போயிற்று. வாகைக்குளத்தில் டீக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். புளியடிக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. டீக்கடைக்குப் பின்னால் பழக்கமான சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்கு ஒரு இழுப்பு என்றார். மரியாதை மூன்று இழுப்பாயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்தார். காற்று முகத்தில் அடித்தது. எல்லாம் அழகாக இருந்தது. தோப்பு, குளம், குளத்தில் நாரை. ஒரு விலக்கில் பெரிய புளியமரம் வந்தது. எவ்வளவு பெரிய மரம் என்று வியந்தார். அது பின்னால் போகும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு பிரியமாகப் பார்த்தார்.

கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் பையன் வந்து இருவரையும் தட்டினான்.

குரு கண் திறந்தார்.

“புளியடி வந்துட்டா, அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைத் தேடினார். அது அப்போதே போய்விட்டதே என்று கண்டக்டர் பையன்தான் சொன்னான்.

பஸ் காலியாகும்வரை ஆவுடையப்பன் எழவில்லை. எத்தனை ஆயிரம் பேர் அவரை நம்பித் தூங்கியிருப்பார்கள். தவறவிட்ட முதல் ஆள் தன் குருவா என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. எதிர் பஸ்ஸில் ஏறி இப்போதே புளியடிக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினார்.

“அந்த எடத்துக்கு வழி எனக்குத் தெரியும், அண்ணாச்சி. நான் போயிச் சேரணும்னு இல்ல. நீங்க எழுப்பி நான் எறங்கணும்.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

*

மடத்துக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆவுடையப்பன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“என் மண்டை வீணாப்போச்சா, சாமி?”

குரு உள்ளே போனார். அடுப்போரம் இருந்த சட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். காலையில் ஓடையிலிருந்து எடுத்த அதே சட்டி.

ஆவுடையப்பன் மூடியைத் திறந்தார். தயிர்.

கொஞ்சம் தளர்வாக இருந்தது. ஆனால் தயிர்தான்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பழைய சோற்றில் ஊற்றிப் பிசைந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

*

மறுநாள் சிலும்பியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார். அங்கே இருந்த சாமியார்களிடம் கொடுத்தார். இத்தனை நாள் தூங்க வைத்ததற்குக் கும்பிட்டார். அவர்கள் சிரித்தார்கள், திரும்பி வருவாய் என்றார்கள்.

திரும்பிப் போகத்தான் கால் இழுத்தது.

படுத்தால் தூக்கம் இல்லை. சட்டை நனைகிற மாதிரி வியர்த்தது. சாப்பாடு இறங்கவில்லை. பசு கத்தினால் பசுவைத் திட்டினார், காகம் கத்தினால் காகத்தைத் திட்டினார். அப்படியே கண் அசந்தாலும் கனவு. கனவெல்லாம் பஸ். மேலக்கரை, சாவடி, வாகைக்குளம், தோப்பு விலக்கு. காலையில் சிவந்த கண்ணோடு குருவிடம் வந்தார்.

“மறுபடி கத்த ஆரம்பிச்சிட்டு சாமி. ஒவ்வொரு ஸ்டாப்பாக் கத்துது. என்னால ஏலல.”

“ஒவ்வொரு ஸ்டாப்புலயும் என்ன நடக்கு?”

“என்ன நடக்கும். ஆளு எறங்குது.”

“எறங்கி?”

ஆவுடையப்பன் யோசித்தார். அதை அவர் நினைத்ததே இல்லை. ஆள் இறங்கியதும் விசில் ஊதிவிடுவார், பஸ் போய்விடும்.

“வீட்டுக்குப் போவாங்க,” என்றார்.

“அப்ப அதையும் பாருங்க,” என்றார் குரு. திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார்.

அன்று படுத்தபோது மேலக்கரை வந்தது. ஆவுடையப்பன் விரட்டவில்லை. கூடை நிறைய வெண்டைக்காயோடு ஒரு பெண் இறங்கினாள். அவள் ஓடையைத் தாண்டி, வீட்டுப் படலைத் திறந்து, கூடையை இறக்கி வைக்கும்வரை பார்த்தார். சாவடி வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் இறங்கினார். பிள்ளையைப் பாயில் கிடத்துவதையும் பார்த்தார். எல்லாரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒருவருக்குக்கூட இவர் பெயர் தெரியாது. அது அவருக்கு வருத்தமாக இல்லை. இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பும் வேலையை யாரோ தன்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நெஞ்சு நிறைந்து வந்தது.

வாகைக்குளம் வருமுன் தூங்கிவிட்டார்.

*

நாட்கள் போயின. குழம்பில் உப்பு சரியாக விழுந்தது. பசு ஒரு தடவை தண்ணீர் குடித்தது. முந்தின நாள் யார் மடத்துக்கு வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல முடிந்தது. ஒரு காலை நேரம் பல் தேய்க்கும் குருவிடம் வந்து, நேற்று நீங்கள் மழைக்கு முன்னால் கூரை ஓடு மாற்றச் சொன்னீர்கள் என்றார். அதைச் சொல்லும்போது ஏதோ பரிசு வாங்கிய பிள்ளை போல முகம் மலர்ந்திருந்தது.

தனக்கு என்ன நடந்தது என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார். தன் பாஷையில்தான் கண்டுபிடித்தார்.

“உள்ள இருந்த ஆளு யாரும் எறங்கிப் போகல, சாமி. பழைய ஞாபகமெல்லாம் அப்படியே உக்காந்திருக்கு. புதுசா ஆளு ஏறலை, அவ்வளவுதான். நான் பாட்டுக்கு விசிலை ஊதிக்கிட்டே இருந்திருக்கேன். படியில கால் வைக்குமுன்ன வண்டி போயிருக்கு.”

குரு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ஆவுடையப்பன் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒருவேளை முன்பும் சிரித்திருக்கலாம்.

மேற்கே மலையின் மேல் மேகம் கூட ஆரம்பித்தது.

“நாளைக்குப் போவமா?” என்றார் குரு.

*

அதே பஸ். குருவுக்கு அதே ஜன்னல் ஓரம். அவர் புறப்படும் முன்பே தூங்கிவிட்டார்.

வாகைக்குளத்தில் டீக்குப் பஸ் நின்றது. கடைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. வாசனை தெரிந்ததும் ஆவுடையப்பனுக்கு வாய் ஊறியது. அதை மறைக்க வேண்டியதில்லை, ஊறத்தான் செய்தது. சாமியார் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்.

ஆவுடையப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

“ஒரு ஆள எழுப்பணும்,” என்றார்.

பஸ் கிளம்பியது. அவர் உதட்டுக்குள் ஸ்டாப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். தோப்பு விலக்கு. ஆனைக்குளம். சுமைதாங்கி. ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களைக் கண்ணால் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

தூரத்தில் புளியமரத்தின் தலை தெரிந்தது.

புளியடி விலக்கில் நிறுத்தச் சொல்லி முன்னால் குரல் கொடுத்தார். டிரைவர் முணுமுணுத்தார். இந்தப் பஸ் அங்கே நிற்காது என்றான் கண்டக்டர் பையன். நிற்கும், நான் நிறுத்தியிருக்கிறேன் என்றார் ஆவுடையப்பன். அவர் எழுந்து நின்ற தோரணையில் அந்தப் பையனின் கை தானாக விசிலுக்குப் போயிற்று.

ஆவுடையப்பன் குனிந்து குருவின் தோளில் கை வைத்தார்.

ஜன்னல் வெயில் பட்டுத் தோள் சுட்டது.

அவர் கை அங்கேயே நின்றது. இந்தச் சூட்டை இந்தக் கைக்குத் தெரியும். இதே பக்கம், இதே ஜன்னல் ஓரம், காய்ச்சலில் கொதிக்கும் ஒரு சின்னத் தோள். மடியில் மஞ்சப்பை. மதராஸில் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன், பெத்த அம்மைக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது, தூங்கி மூன்று நாள் ஆயிற்று, தூங்கினால் ஸ்டாப்பை விட்டுவிடுவேன் என்று பயந்து பயந்து கண்ணை விரித்துக்கொண்டிருந்த ஒரு பையன். நீ தூங்குலே, நான் இருக்கேன்லா என்று யாரோ அவனிடம் சொன்னார்கள். சொன்னது இந்த வாய்.

அவர் யோசிக்கவில்லை. வாய்தான் பேசியது.

“ஏலே தம்பி. விலக்கு வந்துட்டு. எந்திரிலே.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தாடி வைத்த சாமியாரை ஏலே என்கிறாரே இந்தக் கிழவர்.

குரு கண் திறந்தார். கண்ணில் தூக்கம் இருந்தது. சாமியார்க் கண் இல்லை அது, பதினேழு வயசுக் கண்.

“அன்னைக்கும் இதேதான் சொன்னிய,” என்றார்.

*

இருவரும் இறங்கினார்கள். பஸ் போயிற்று. புளியமரத்து நிழலில் நின்றார்கள்.

“நீயா அது?” என்றார் ஆவுடையப்பன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “நீங்களா, சாமி?” என்றார்.

“அன்னைக்கும் இங்கன பஸ் நிக்காது. எனக்காக நிறுத்தினிய. எல்லாரும் ஏசினாங்க. என்னைக் கையப் பிடிச்சு எறக்கி, நான் அந்தப் பாதையில திரும்புத வரைக்கும் விசில் ஊதாம நின்னிய.”

ஆவுடையப்பன் பாதையைப் பார்த்தார். பாதை வயலுக்கு நடுவே போய்த் திரும்பியது. அந்தத் திருப்பத்துக்கு அப்பால் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“அம்மை?”

“இருந்தா. ஒரு வாய் தண்ணி ஊத்தினேன். குடிச்சிட்டு எம்பேரச் சொன்னா. அதுக்குப் பெறகுதான் போனா.”

காற்றில் புளிய இலை உதிர்ந்தது. இருவர் தலையிலும் விழுந்தது.

“அதிலிருந்து எனக்குத் தூங்க பயம் இல்ல, அண்ணாச்சி. யாராவது எழுப்பிவிடுவாங்கன்னு தெரிஞ்சு போச்சு. நீங்க மடத்துக்கு வந்த அன்னைக்கே தூக்கத்துல, பஸ் நிக்காத இந்தப் புளியடி விலக்கையும் சேத்துக் கூவினிய. அந்தக் குரலுக்கு எந்திரிச்சவனுக்கு அது மறக்குமா. எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இத்தன வருஷம் போயிட்டு.”

“அப்ப அன்னைக்கு ஓடைக்கரையில சொன்னது…”

“இதான்.”

“உபதேசம்னு நெனச்சேன், சாமி.”

“நன்றி சொன்னேன், அண்ணாச்சி. சொல்லிட்டு உங்க கால்ல விழுந்தேன்.” குரு சிரித்தார். “நன்றி மறந்த ஆளுகளப் பாத்திருக்கேன். தனக்கு நன்றி சொன்னதையே மறந்த ஆள இப்பத்தான் பாக்கேன்.”

சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டினார். வெட்ட வெளியில், ரோட்டோரத்தில், ஆவுடையப்பன் தடுக்கும் முன்பே மறுபடி அவர் காலில் விழுந்தார். நெற்றியில் மண்ணோடு எழுந்தார்.

ஆவுடையப்பன் அழுதுகொண்டிருந்தார்.

“எதுக்கு அழுதிய, அண்ணாச்சி?”

“இப்பத் தெரியுது, சாமி.”